இத்தாலி வைத்தியரும் கெளுத்தி முள்ளும்

ஒரே ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு அதற்குள்ளேயே குடியேறிவிடும் மனிதர் ஒருவர் உங்கள் தெருவிலும் கட்டாயம் இருப்பார். திருவொற்றியூர் குப்பத்தில் அவர் பெயர் ஜெயவேல், பி.ஏ.

அண்ணன் நீலமேகம் கடலுக்குப் போனதால்தான் ஜெயவேல் கல்லூரிக்குப் போனார். இப்போது துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. போன வருடம், 1951இல், மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஆங்கிலப் புத்தகம் அவரைப் பிடித்துக்கொண்டது. இருநூறு வருடத்துக்கு முந்தைய மார்செல்லோ என்ற இத்தாலி வைத்தியரின் வாழ்க்கை. அந்த மகான் செருப்புத் தைப்பவருக்கு மகனாகப் பிறந்து, பாதுவா நகரத்தில் வைத்தியம் படித்து, மலை மலையாக ஏறி மூவாயிரம் செடிகளைப் பறித்து உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் பெயர் சூட்டி, சக வைத்தியர்களோடு சண்டை போட்டே கிழவரானார். இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? குப்பத்துக்கும் அதே சந்தேகம்தான். பஸ் வரவில்லையா? மார்செல்லோ ஆல்ப்ஸை நடந்தே கடந்தார். குழம்பில் உப்பில்லையா? மார்செல்லோ நாற்பது நாள் காய்ந்த ரொட்டி தின்றார். பெண் பார்க்கலாமா? மார்செல்லோ நாற்பத்தாறு வயதில்தான் மணந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டுமரத்திலிருந்து இறங்கிய நீலமேகம் வலது கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார். கெளுத்தி மீனின் முள் ஏறி, கை வீங்கியிருந்தது. ஆறு பேருக்குச் சோறு போடும் கை.

"டேய் பி.ஏ., உயிர் போவுதுடா! உன் டாக்டரு இதுக்கு இன்னா சொல்றாரு?"

முதன்முறையாக ஒருவர் தாமாகவே மார்செல்லோவைக் கேட்டிருக்கிறார்! ஜெயவேலின் முகம் மலர்ந்தது. புத்தகத்தைப் பிரித்தார்.

"இருண்ணா. மொதல்ல பச்சிலைக்குப் பேரு தெரியணும். நூத்திப் பன்னெண்டாம் பக்கம்..."

"நீ பக்கம் தேடிக்கினே இரு. வலி தோளுக்கு ஏறிக்கினு கீது!"

அண்ணி கெங்கம்மா ஒரு சட்டி வெந்நீரோடு வந்தாள். தன் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். புருஷன் கையைப் பிடித்து உள்ளே அமுக்கினாள்.

"அண்ணி! வெந்நீரு பத்தி இதுல ஒண்ணுமே இல்லியே!"

"உங்க இத்தாலி நைனா எந்தக் கடல்ல வலை போட்டாரு? பேஜாரு பண்ணாம அடுப்புல வெறகு தள்ளுங்க, கொழுந்தனாரே. தண்ணி ஆறக்கூடாது."

பி.ஏ. விறகு தள்ளினார். அரை மணி நேரத்தில் வலி இறங்கி, நீலமேகம் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார்.

ஜெயவேல் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'கெளுத்தி விஷத்துக்கு வெந்நீர். கண்டறிந்தவர்: ஜெயவேல், பி.ஏ.' எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூச்சமாக இருந்தது. தன் பெயரை அடித்துவிட்டு, 'கெங்கம்மா' என்று எழுதினார். கமா போட்டார். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் பென்சில் நின்றுவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்களே, "இதோ, இந்தப் பக்கம் முடியட்டும்" என்றீர்களே, எழுந்துபோய் அவர் கையைப் பார்த்தீர்களா?