எதிர்ப்புச் சக்திப் பேரவை

வைரஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத எதிரியை ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஒழித்த பெருமை எங்கள் குடும்பத்துக்கு மட்டுமே உண்டு. லாரி ஓட்டிப் பிழைத்த எனக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார நாற்காலி கொடுத்தார்கள். பேச உரிமை கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரிக்கு இருமல், காய்ச்சல். இதயக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறவள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "வைரஸ் காய்ச்சல்தான். ஓய்வெடுங்க, தண்ணி நிறையக் குடிங்க" என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளைக்கு இது பெருத்த அவமானமாகிவிட்டது. அவர் செல்போன் கடை வைத்திருப்பவர். ஆகவே செல்போனில் வரும் வைத்தியம் அத்தனையும் அத்துப்படி.

கட்டிலைச் சுற்றிப் 'பேரவை' கூடியது.

"தண்ணி குடிக்கவா டாக்டர்கிட்ட போனோம்? அத்தைக்கு எதிர்ப்புச் சக்தி ஏத்தணும். ஈ வைட்டமின், ரெட்டை டோஸ்!" என்றார் மாப்பிள்ளை.

"ஜிங்க் மாத்திரை!" என்றான் மகன்.

"மீன் எண்ணெய்!" என்றாள் மருமகள்.

"நான் கொஞ்சம் தூங்கணும்" என்றாள் நோயாளி. தலைப்புக்கு வெளியே பேசியதால் அது ஏற்கப்படவில்லை.

"இத்தனையும் உள்ள போய் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாதா?" என்றேன்.

"சும்மா இருங்க மாமா. இது என்ன லாரியா?" என்றார் மாப்பிள்ளை.

தீர்மானம் நிறைவேறியது. அந்த வாரமே இருமல் ஓடிப்போனது. அதன் பின்னாலேயே மூக்கிலிருந்து ரத்தமும் ஓடத் தொடங்கியது. துண்டு நனைந்தும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா? மறைக்காதீங்க, உயிர் விஷயம்."

"ஐயோ, ஒண்ணுமே குடுக்கல டாக்டர்!" பேரவை ஒருமனதாக அறிவித்தது.

நான் யாரையும் நம்பாதவன். கிளம்பும்போதே கட்டில் பக்கத்தில் கிடந்த டப்பாக்களைப் பையில் அள்ளி வந்திருந்தேன். மேசைமேல் கொட்டினேன். டாக்டரம்மா இரண்டைத் தனியே எடுத்தார்.

"ஈ வைட்டமின், மீன் எண்ணெய்... அதுவும் இவ்வளவு டோஸ்ல! ஏற்கெனவே ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க. அப்புறம் எப்படி நிக்கும்?" என்று உள்ளே ஓடினார்.

மாலையில்தான் ரத்தம் நின்றது. பிழைத்தாள்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கோவிச்சுக்காதீங்க மாமா. வைட்டமின் மருந்தே இல்லையே, உடம்ப ஒண்ணும் பண்ணாதேன்னுதான் டாக்டர்கிட்ட சொல்லல."

அவருடைய மருத்துவ ஞானத்தின் ஆழம் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

"ஒண்ணும் பண்ணாததை எதுக்கு மாப்பிள்ள அவ வாயில திணிச்சீங்க?"