தூண்களும் சரியில்லை, மாப்பிள்ளையும் சரியில்லை

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் முழங்கால் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கும் நலம் என்றே நம்புகிறேன், நம்புவது என் வழக்கமில்லை என்றாலும்.

உங்கள் மருமகள் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்கள் தெருக்கோடியில் உள்ள பழைய பசிலிக்கா பேராலயத்தைப் பழுதுபார்க்க வந்த பையன். எடையளவு ஆய்வாளராகக் காலமெல்லாம் கடைக்காரர்களின் தராசைப் புரட்டிப் பார்த்தவன் நான், இவனை மட்டும் விடுவேனா? அளவுநாடாவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பக்தனைப் போல உள்ளே போய் முழந்தாளிட்டேன். பையன் சுவரில் காதை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். சுவர் இவனிடம் என்ன சொல்லும்? அவன் நகர்ந்ததும் தூண்களை அளந்தேன். ஒன்று பருமன், ஒன்று ஒல்லி, குட்டைத் தூணுக்கு அடியில் பீடத்தை உயர்த்திச் சமாளித்திருக்கிறார்கள். நிமிர்ந்தால் பையன் நிற்கிறான். கோபப்படவே இல்லை, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. முதல் கோவில் தீயில் போனதாம், அடுத்தது நிலநடுக்கத்தில் விழுந்ததாம், மறுபடி கட்டியபோது இடிந்த அரண்மனைகளின் தூண்களைக் கொண்டுவந்து நட்டார்களாம். எல்லாமே பழைய சாமான். போதாததற்கு ஒரு பளிங்குத் தூணைக் காட்டி, "இது பளிங்கு இல்லீங்க மாமா. உள்ள செங்கல், மேல பூச்சு. பளிங்கு மாதிரி கோடு போட்டது நான்தான்" என்றான். ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவன், சம்பந்தம் பேசும் முன்பே என்னை மாமா என்கிறான்.

வீட்டில் சொன்னால், "அவர் உங்ககிட்ட மறைக்கலையேப்பா" என்கிறாள் மகள். மறைக்காதவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள், உங்கள் அக்கா என்னோடு பேசுவதில்லை. தாய்மாமன் சொன்னால் கேட்பாள். உடனே வந்து நிறுத்துங்கள்.

பிள்ளைகளுக்கு ஆசிகள், தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
யாரையும் எளிதில் நம்பாத உங்கள் அத்தான்.

பின்குறிப்பு: போன வாரம் இதைத் தபாலில் போடப் போன வழியில் மறுபடி உள்ளே நுழைந்தேன், கடிதம் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. பையன் என்னைச் சாரத்தில் ஏற்றிவிட்டான். குவிமாடத்துக்குள், கீழிருந்து எவர் கண்ணுக்கும் படாத மூலையில், பழைய கொத்தனார்கள் கல்லோடு கல் இழைத்திருக்கிறார்கள். உதிர்ந்த இடத்தைப் பையனும் அதே சிரத்தையோடு இழைத்துக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கப் போவதில்லையே என்றேன். "ஆமாங்க மாமா" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். அன்றிலிருந்து சுண்ணாம்பு குழைத்துக் கொடுப்பது நான்தான். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பி வாருங்கள். ஒரே ஒரு சிக்கல். பையன் அவளோடு பேசுவதைவிட என்னோடுதான் அதிகம் பேசுகிறானாம், இதில் ஏதோ இருக்கிறது என்று உங்கள் மருமகள் இப்போது யோசிக்கிறாள். இந்தச் சந்தேகப் புத்தி எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. நீங்கள்தான் வந்து புத்தி சொல்ல வேண்டும்.