கலர்க்காரர் திருத்திய கல்யாணம்

"மாப்ளே, நான் செய்யப்போற டிவியில மிளகாயைக் காட்டினா பாக்கிறவன் கண்ணு எரியும். மழையைக் காட்டினா நீ எழுந்து ஓடிக் கொடியில கிடக்கிற துணியை எடுப்பே. நேர்ல பாக்கறதுக்கும் இதுல பாக்கறதுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது!"

கலர்க்காரர் இப்படி முழங்கியபோது அவருடைய டிவி, முதுகு திறந்து, சாப்பாட்டு மேஜைமேல் குப்புறக் கிடந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் அவருடைய மைத்துனர், அதாவது மறைந்த மனைவியின் தம்பி. கணக்குத் தணிக்கை செய்தே தலை நரைத்தவர். பொழுது விடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்போதைக்கு அப்படித்தான் தெரியுது" என்பார்.

"நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்தது, அத்தான்?"

"ஓடிச்சு. பொய் சொல்லிக்கிட்டே ஓடிச்சு."

கலர்க்காரர் டிவி தொழிற்சாலையில் படத்தின் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையாட்டாமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டியதில்லை. ஒரு தடவை வானவில்லையே அண்ணாந்து பார்த்து, "ஊதா தூக்கல், திருப்பி அனுப்பு" என்றாராம். இதைச் சொன்னவரும் அவர்தான்.

போன மாதம் மகள் வந்து தன் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். அம்மா வந்த இடத்தில் நிறுத்தினாள். கல்யாணம் முடிந்த கையோடு படுத்து, மழைக்காலம் தாண்டுவதற்குள் போய்விட்ட அம்மா.

"அம்மா முகம் ஏம்ப்பா ஒரு மாதிரி மஞ்சளா இருக்கு?"

"டிவி கோளாறும்மா" என்றார் கலர்க்காரர், கொஞ்சமும் யோசிக்காமல். "அடுத்த தடவை நீ வரும்போது சரியா இருக்கும். உங்கம்மாவை அச்சு அசலா பாக்கலாம்."

அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். வாக்குக் கொடுத்தாயிற்று.

"இந்த எல்சிடி தானா ஒளிராது, மாப்ளே. பின்னாடி வெளிச்சம் வேணும். அங்க வெள்ளை விளக்குன்னு வைக்கிறான் பாரு, அது வெள்ளையே இல்ல. நீல விளக்கு மேல மஞ்சளைப் பூசி ஊரை ஏமாத்தறான். அந்த மஞ்சள்தான் உங்கக்கா மூஞ்சியில வந்து விழுது. இதையெல்லாம் பிடுங்கிட்டு சிவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியா விளக்கு வைக்கிறேன். ஆளுக்கொரு குமிழ். மூணையும் அளவாத் திருப்பினா சுத்தமான வெள்ளை. அப்புறம் எந்த நிறமும் தப்ப முடியாது."

"அளவாத் திருப்பினா" என்றார் மைத்துனர்.

முதல் நாள் சிவப்பு முந்திக்கொண்டது. கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் அப்போதுதான் கன்னத்தில் அறை வாங்கியவர்கள்போல் நின்றார்கள். சரிக்கட்டப் பச்சையைத் திருப்பினார். மணமகன் மேல் பாசி படர்ந்தது.

"அத்தான், இவரையா நம்ம பொண்ணு கட்டிக்கிட்டா? கிணத்துலேர்ந்து எடுத்த மாதிரி இருக்காரே."

வெளிச்சம் போதவில்லை என்று மூன்றையும் ஏற்றினார். பெட்டி கொதித்தது, அதன்மேல் தோசைக்கல்லை வைக்காத குறைதான். சூடு தணியப் பின்னால் மின்விசிறியை வைத்தார். உள்ளே வெளிச்சத்தைப் பரப்பும் மெல்லிய தாள் காற்றில் படபடத்து, கல்யாணம் மொத்தமும் கடலுக்கு அடியில் நடந்தது. தாளை உருவி எடுத்தார். விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்து, விருந்தாளிகளுக்கெல்லாம் அம்மை போட்டது.

மேஜையை டிவி பிடித்துக்கொண்டதால் கலர்க்காரர் நின்றுகொண்டே சாப்பிட்டார். 'இது வீடா, பட்டறையா?' என்று கேட்பதற்கு இப்போது ஆளில்லை. மனைவி கேட்டிருந்தால் ஒரு குமிழையாவது குறைத்திருப்பார்.

தாளை இழுத்துக் கட்டி மறுபடி மாட்டினார். பச்சையைத் தணித்தார், நீலத்தை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். திடீரென்று கத்தினார்.

"வந்துட்டா! மாப்ளே, வந்துட்டாடா! இதான் அவ நிறம்!"

மைத்துனர் எட்டிப் பார்த்தார். அக்கா அப்படியே இருந்தாள். கூப்பிட்டால் திரும்பிவிடுவாள் போல. ஆனால் சுவர், மேஜை விரிப்பு, மணமக்கள், விருந்தாளிகள் எல்லாம் மைக்கூட்டில் முக்கி எடுத்த நீலம்.

"அக்கா வந்துட்டா, சரி. மீதிப் பேரெல்லாம் போய்ச் சேர்ந்துட்ட மாதிரியில்ல இருக்கு?"

கலர்க்காரர் அவளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு நீலத்தை இறக்கினார். தொழிலில் அவர் ஒருநாளும் திருட்டுத்தனம் செய்ததில்லை.

"இப்படி ஏமாத்தக் கூடாது. எல்லாம் சரியா வரணும், அவளும் சரியா வரணும். கல்யாணத்துக்கு ஒரு சட்டை போட்டுட்டு வந்தியே, அது இருக்கா?"

இருந்தது. சிவப்பும் பச்சையும் நீலமும் கட்டம் கட்டமாக மோதிக்கொள்ளும் சட்டை. நெய்தவனுக்குக் கிறுக்குப் பிடித்திருந்த சமயம் உருவானது. அன்றைக்கு அக்காவே, "இதைப் போட்டுக்கிட்டு என் பக்கத்துல நிக்காதே" என்று விரட்டினாள். கேட்காமல் பக்கத்திலேயே நின்று வீடியோவிலும் விழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனர் அதே சட்டைக்குள் தொப்பையைத் திணித்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். திரையில் ஒரு மைத்துனர், வெளியே ஒரு மைத்துனர்.

"மூச்சு விடாதே, கட்டம் ஆடுது."

"பொத்தான் போகப்போகுது அத்தான்."

"போகட்டும். சிவப்பு ஒத்துப்போச்சு. பச்சை... இரு... பச்சையும் ஆச்சு."

நீலமும் ஒத்துப்போன நொடியில் பொத்தான் தெறித்துக் கண்ணாடி அலமாரியில் டங்கென்று மோதியது. அதே நேரத்தில் மகளும் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

வந்தவள் பையைக்கூட இறக்காமல் திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கலர்க்காரர் பின்னால் நின்று, குமிழ்ப் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டார்.

சுவர் சுண்ணாம்பு வெள்ளை. மேடையில் பூக்கள் அப்போதுதான் பறித்ததுபோல் இருந்தன. மணமகனின் மோவாயில் சவரக் கத்தி கீறிய சிவப்புக் கோடுகூடத் தெரிந்தது. மகள் அதைப் பார்த்துச் சிரித்தேவிட்டாள்.

அப்புறம் அம்மா வந்தாள், கையில் தட்டோடு, யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டு. மகளே வீடியோவை நிறுத்தினாள்.

"இன்னும் மஞ்சளாத்தானேப்பா இருக்கு?"

"வந்துடும்மா. ஒரு துளி நீலம், அவ்வளவுதான்." விரல் நீலக் குமிழைப் பிடித்தது. "வாங்கின விளக்கு சரியில்ல. வேற மாத்தினா..."

மைத்துனர் முக்காலியிலிருந்து எழுந்தார். திரையில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற தன் முகத்தைப் பார்த்தார். அது சரியாக இருந்தது. அக்காவைப் பார்த்தார். மறுபடி தன்னைப் பார்த்தார். ஒரு கணக்கை இரண்டு தரம் கூட்டிச் சரிபார்ப்பவரைப்போல் நிதானமாகத்தான் பார்த்தார். பிறகு கலர்க்காரரின் விரலைக் குமிழிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.

"நீங்க சொன்னபடியே செஞ்சுட்டீங்க அத்தான், நேர்ல பாக்கறதுக்கும் இதுக்கும் மயிரிழை வித்தியாசமில்ல... அக்கா அன்னிக்கி இந்த நிறத்துலதான் நின்னா, நாமதான் யாரும் பாக்கல."