மாப்பிள்ளையிடம் நலம் விசாரித்த குற்றம்

மரியாதைக்குரிய சம்பந்தி மருதாசலம் அவர்களுக்கு, சிங்காநல்லூர் சென்னிமலை கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசுதான் யாருக்கும் சுகமில்லை. கோபியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் வாழைத்தோட்டமும் நலமாயிருக்க வேண்டும். மூன்று முறை போன் போட்டேன். "சொல்லுங்க சம்பந்தி" என்று நீங்கள் அன்பாகக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அங்கே மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உங்கள் மகன், எங்கள் மாப்பிள்ளை மனோஜ்குமார், தலைதீபாவளிக்கு எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணம் நான்.

பம்புசெட் கம்பெனியில் ஓய்வு பெற்றபின், சர்க்கரைக்காக மைதானத்தில் நடக்கப் போனேன். அங்கே குளத்துமேடு கால்பந்துக் கழகம் ஆடிக்கொண்டிருந்தது. மாவட்ட லீக்கில் மூன்றாம் டிவிஷன். பார்வையாளர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் பஸ்ஸுக்கு நின்றவர். பந்து என் காலடிக்கு வந்தது. "ஏனுங்க ஐயா, அதக் கொஞ்சம் எடுத்துப் போடுங்க" என்றான் கேப்டன் மதன்குமார். போட்டேன். அடுத்த வாரமே எனக்கும் ஒரு மஞ்சள் பனியன் வந்துவிட்டது. ஒரு கோல்கூடப் போடாமல் ஏழு ஆட்டம் தோற்றார்கள், சம்பந்தி. அப்படிப்பட்ட பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வீட்டுக்கு வருவது?

எட்டாவது ஆட்டம் மாப்பிள்ளையின் பீளமேட்டு அணியோடு. அவர்தான் கோல்கீப்பர். மாப்பிள்ளை நிற்கும் இடத்தில் மாமனார் கண்டும் காணாமல் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? கோல் கம்பத்துக்குப் பின்னால் போய், "ஏனுங்க மாப்ளை, சௌக்கியங்களா? அப்பா அம்மாவெல்லாம் நல்லா இருக்கறாங்களா?" என்று கேட்டேன். நீங்கள் வளர்த்த பிள்ளையாயிற்றே, மாமனாருக்கு முதுகு காட்டுவாரா? என் பக்கம் திரும்பி, கையுறையோடு இரண்டு கையையும் கூப்பி, "நல்லா இருக்கறாங்க மாமா, நீங்க எப்ப வந்தீங்க?" என்றார். மதன்குமார் அடித்த பந்து அவரைத் தாண்டி, எங்கள் இருவருக்கும் நடுவே வலையில் விழுந்தது.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். எட்டு ஆட்டத்தில் முதல் கோல், சம்பந்தி! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிவிட்டேன். பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையையே ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். எல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம் என்று அவர் நினைக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், விசாரித்தது பாசத்தில், ஆடியதுதான் தப்பு.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா? மாப்ளையவிட அந்தப் பந்து பெருசாப் போச்சுங்களா?" என்று என் வீட்டுக்காரி பாவாத்தாள் கேட்டதுதான், அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நித்யஸ்ரீ போனில் அழுகிறாள்: "யாராச்சும் நல்லா இருக்கீங்களான்னு கேட்டாலே மொறைக்கறாருங்கப்பா." கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு என் மகள் தனியாக வந்து நின்றால் எனக்குத் தாங்காது.

நீங்கள்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மஞ்சள் பனியனை அடுப்புத் துணிக்குக் கொடுத்துவிட்டேன். இனி அந்த மைதானத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன். சின்னஞ்சிறுசுகள் சேர்ந்து வந்து எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க மருதமலையான் அருள் செய்யட்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
சென்னிமலை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மதன்குமார் வந்தான். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அதே பீளமேட்டு அணியோடு கடைசி ஆட்டமாம். ஜெயித்தால்தான் மூன்றாம் டிவிஷனில் நீடிப்போம். இனி நான் கூப்பிட்டால் மாப்பிள்ளை திரும்பமாட்டார். அதனால் நீங்களும் சம்பந்தியம்மாவும் அன்று காலையிலேயே வந்துவிடுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். பெற்றவர்கள் கூப்பிட்டால் திரும்பாமலா இருந்துவிடுவார்?