நிர்வாகி-2

வெள்ளிக்கிழமை பகல் ஒன்று ஏழுக்கு யாரோ தன் கணினிக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்பது மொன்ஜிக்குத் தெரியவந்தது சனிக்கிழமை காலையில். பல் துலக்காமல் உட்கார்ந்து வருகைப் பதிவைப் புரட்டினார். இந்த வெள்ளி மட்டுமில்லை. போன வெள்ளி, அதற்கு முந்தின வெள்ளி என்று மூன்று வருஷத்து வெள்ளிக்கிழமைகளிலும் அவன் வந்து போயிருந்தான். பெயர் ‘நிர்வாகி-2’. ரமளான் மாதத்தில்கூட லீவு போடவில்லை.

"நஸீஹா! வீட்டுக்குள்ள திருடன்!"

மனைவி நஸீஹா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். "எங்கே?"

"இதுக்குள்ள" என்று கணினியைக் காட்டினார்.

நஸீஹா திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கரண்டியை இறக்கினாள். "எதையாவது எடுத்துட்டுப் போயிருக்கானா?"

"இல்லை."

"கெடுத்து வெச்சிருக்கானா?"

"இல்லை."

"அப்புறம் என்ன திருடன்?"

"அதான் உனக்குப் புரியாது! எதையும் எடுக்காத திருடன் பெருசா எதுக்கோ காத்திருக்கான்னு அர்த்தம். நான் தொழுகைக்குக் கிளம்புற நேரம் பார்த்து வர்றான் பாரு, அயோக்கியப் பயல்."

நஸீஹா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ இந்த மேஜைப் பக்கமே வராதே. வர்ற லிங்க்கை எல்லாம் தட்டுற கை உன் கை" என்றார் மொன்ஜி. அவள் போய்விட்டாள்.

பெரிசு என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஸ்ஃபாக்ஸ் நகர நீதிமன்றத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் மொன்ஜி. எட்டு வருஷமாக ஒரு அகராதி எழுதிக்கொண்டிருந்தார். நீதிமன்றச் சொற்கள், அரபியிலும் பிரெஞ்சிலும், பதினோராயிரம். தலைநகர் தூனிஸில் ஒரு பதிப்பகம் ஜூலை பதினைந்துக்குள் கொடுத்தால் போடுகிறேன் என்றிருந்தது. மனுஷனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவர் பெயரைச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது, அது அந்தக் கணினிக்குள் இருந்தது.

நஜீப்பிடம் கேட்டிருக்கலாம். மீன் சந்தைக்குப் பின்னால் கணினிக் கடை வைத்திருப்பவன், மூன்று வருஷம் முன்பு வீட்டுக்கே வந்து லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தவன். ஆனால் மறுநாளே காப்பிக்கடையில், "நானே ஏத்தினேன், ராத்திரி பகலா உட்கார்ந்து" என்று மொன்ஜி அளந்துவிட்டார். அதோடு நிறுத்தினாரா? "வைரஸ் கிடையாது, கோளாறு கிடையாது. லினக்ஸ்னா பூட்டிட்டு மறந்துடலாம். என் மிஷின் மூணு வருஷமா ஒரு தும்மல் போட்டதில்லை" என்று எங்களுக்கெல்லாம் தினம் வகுப்பு. அவர் பேச்சைக் கேட்டு நானும் மாறினேன். என் பிரிண்டர் அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அப்படிப்பட்டவர் எந்த முகத்தோடு நஜீப் கடைப் படி ஏறுவார்?

முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினார். முப்பத்து நாலு எழுத்து. அதைத் தினம் ரெண்டு விரலால் தேடித் தேடி அடிப்பார், இருபதாவது எழுத்தில் தப்பாகும். மூன்று தடவை தப்பினால் கணினி பத்து நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் ஒன்பதே காலுக்குத்தான் அகராதியைத் திறந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளை ஜுப்பா போட்டு, தொழுகைக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்பினார். பள்ளிவாசலுக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடைக்குள் புகுந்தார். தொழுகை நேரமானதால் பரிசாரகன் ஃபத்ஹி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் ‘சி’ போடுவது வழக்கம்.

"என்ன சி மொன்ஜி, பள்ளிக்குப் போகலையா?"

"முட்டி வலி. குனிய முடியலை."

சொல்லிவிட்டு ஷட்டருக்குக் கீழே தலையை விட்டுக் குனிந்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். தெருவில் போகிறவர்களின் கால்தான் தெரிந்தது. ஒரு கால்கூட அவர் வீட்டு வாசலில் நிற்கவில்லை. உள்ளே ரவைக் கூஸ்கூஸ் வேகிற வாசனை மட்டும் தெருவைத் தாண்டி வந்தது.

"முட்டி வலி நல்லா ஆயிடுச்சு போலிருக்கே" என்றான் ஃபத்ஹி.

"உன் வேலையைப் பாருடா."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பதிவில் தெளிவாக இருக்கிறது. பகல் ஒன்று ஏழு, நிர்வாகி-2. அதோடு பதினேழு கோப்புகள் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. மொன்ஜிக்கு வியர்த்துவிட்டது. வாசல் வழியாக வரவில்லை என்றால் வயர் வழியாகத்தான் வருகிறான். பழைய வெள்ளிகளைப் பார்த்தார். ஒவ்வொரு வாரமும் அவன் கணினியின் உறுப்புகளை ஒன்றொன்றாகக் கழற்றி வேறு மாட்டியிருக்கிறான்!

"அது அப்டேட்டா இருக்குமோ?" என்றாள் நஸீஹா, கதவோரம் நின்று.

"அந்த வார்த்தையை எங்கே பொறுக்கினே? லினக்ஸுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. அப்டேட்னு சொல்லிக்கிட்டுதான் உள்ளே வர்றானுங்க."

அன்று மாலையே நிர்வாகி-2 என்ற கணக்கை வேரோடு அழித்தார். அப்டேட் வருகிற வழியை அடைத்தார். தடுப்புச் சுவர் ஒன்று எழுப்பி எந்தத் திசையிலிருந்தும் எதுவும் வரக் கூடாது என்று கட்டளையிட்டார். எதுவும் வரவில்லை. பதிப்பகத்தின் மெயிலும் வரவில்லை. ஐந்தாம் நாள் தூனிஸிலிருந்து பதிப்பகத்து அம்மா போனிலேயே கத்தினாள்.

"நாலு மெயில் போட்டேன் சி மொன்ஜி! முதல் நூறு பக்கம் எங்கே? அனுப்பப் போறீங்களா இல்லையா?"

"பாதுகாப்பு வேலை நடக்குதும்மா. பதினஞ்சாம் தேதி மொத்தமா நேர்ல கொண்டுவந்து தர்றேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பதிவைப் பார்த்தார். சுத்தம். ஒரு ஈ காக்கை வரவில்லை. மனுஷன் சந்தோஷத்தில் ரெண்டு தட்டு கூஸ்கூஸ் சாப்பிட்டார்.

"ஒழிச்சுட்டேன் அவனை" என்றார்.

நஸீஹா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. மறுநாள் அவள் தங்கை வீட்டுக் கல்யாணம். அந்தக் கவலை என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"என்னங்க, அகராதிக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"காப்பியா? காப்பிங்கிறது என்ன தெரியுமா? திருடனுக்கு ரெண்டாவது வாசல். நம்பிக்கை இல்லாதவன்தான் காப்பி எடுப்பான். என் அகராதிக்கு இன்னொரு காப்பி எவன் வீட்லயாவது இருந்துச்சு, அவனைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பேன்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நீதிமன்றத்துல முப்பது வருஷம் இருந்தவன் நான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சரி. ரவை டப்பாவுல ஒரு சாமான் சும்மா கிடக்குது. நான் எடுத்துக்கட்டுமா?"

"சமையலறைச் சாமானுக்கெல்லாம் என்கிட்ட அனுமதி கேப்பியா? எல்லாம் உன் இஷ்டம். என்னை விடு."

அத்தோடு விட்டிருந்தால்கூட அகராதி பிழைத்திருக்கும். ஆனால் ஜூலை பத்தாம் தேதி காலை அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. சுவரை இடித்து உள்ளே வந்தால்? ஆகவே டிஸ்க் முழுவதையும் ரகசியக் குறியாக மாற்றிப் பூட்டிவிட முடிவு செய்தார். ‘தொடங்கும் முன் காப்பி எடுத்துக்கொள்ளவும்’ என்று கறுப்புத் திரை எச்சரித்தது. "நீயுமா?" என்று திட்டிவிட்டு ஆமென்று தட்டினார். ஐந்து மணி நேரமாகும் என்றது. ஆகட்டும் என்று காலை நீட்டிப் படுத்தார்.

பகல் பன்னிரண்டே முக்கால். ஊரே ஏ.சி. போட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. குளிர்சாதனப் பெட்டி அடங்கியது. மொன்ஜி கண்ணைத் திறந்தபோது திரையும் அணைந்திருந்தது. பாதி டிஸ்க்கைப் பூட்டிய நிலையில்.

கரண்ட் வந்தபிறகு கணினி அவரை அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தது. முப்பத்து நாலு எழுத்தையும் அடித்தார். இருபது தடவை அடித்தார். பிறகு கணினியைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, கௌரவத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, நஜீப் கடைக்கு நடந்தார்.

நஜீப் ஒரு மணி நேரம் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"சி மொன்ஜி, பாதி பூட்டியிருக்கு, பாதி திறந்திருக்கு, நடுவுல சாவியே நசுங்கிப் போச்சு. இதை இனி யாரும் திறக்க முடியாது. நான் மட்டும் இல்லை, யாருமே."

மொன்ஜி ஸ்டூலில் உட்கார்ந்தார். அறுபத்தொரு வயசு ஆள் கடையில் எல்லார் முன்னாலும் விசும்பி அழுதார்.

"எட்டு வருஷம்டா நஜீப். பதினோராயிரம் சொல்லு. எல்லாம் அந்தத் திருடனாலே."

"எந்தத் திருடன்?"

"நிர்வாகி-2."

நஜீப் நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "அட, அழாதீங்க! நிர்வாகி-2 இருக்கும்போது உங்க அகராதிக்கு என்ன குறை? வாராவாரம் அப்டேட் போட்டு, காப்பி எடுத்து வைக்கிற ஆளாச்சே. நான்தானே கணக்கே திறந்து கொடுத்தேன்."

"அவனை உனக்குத் தெரியுமா?" மொன்ஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோபமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. "காப்பி இருக்கா? அவன்கிட்ட இருக்கா? கூப்பிடுடா அவனை. கால்ல வேணாலும் விழறேன்."

நஜீப் போனை எடுத்து எண்ணைத் தட்டி, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்தான். நாலு தடவை மணி அடித்தது. எடுத்தார்கள்.

"நஜீப் பேசறேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காப்பி எடுத்து வைப்பீங்களே, அந்த டிஸ்க் அவசரமா வேணும்."

முப்பத்தொரு வருஷமாக மொன்ஜி தினமும் கேட்கிற குரல் போனில் பதில் சொன்னது:

"ரவை டப்பாவுல வெச்சிருந்தேனே, அதுவா தம்பி? சமையலறைச் சாமான் எல்லாம் உன் இஷ்டம்னு அவரே சொல்லிட்டாரேன்னு, மொத்தத்தையும் அழிச்சுட்டு என் தங்கச்சி பொண்ணு கல்யாண வீடியோவை ஏத்திட்டேனே!"