கொடிக்கம்பி கட்டிய புனிதர்

நான் புனிதராக வாழ்ந்தது மொத்தம் பதினேழு நாட்கள். அதற்கு மேலும் வாழ்ந்திருப்பேன், இராணுவம் விடவில்லை.

எங்கள் வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்குச் சினிமா பாவம், சீட்டாட்டம் பெரும்பாவம். சினிமாப் பாட்டு வந்தால் ரேடியோவே பாவம். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் தேநீருக்குச் சீனியும் கிடையாது. பத்தொன்பது வயதில் எனக்கு இதெல்லாம் போதவில்லை. (வயசுக் கோளாறு சிலருக்கு இப்படியும் வரும்.) பழைய துறவி ஒருவர் முடிச்சுப் போட்ட கயிற்றை இடுப்பில் கட்டி உடலை ஒறுத்தார் என்று ஒரு புத்தகத்தில் வாசித்தேன். அன்றைக்கே கயிறு தேடினேன். கயிறு கிடைக்கவில்லை, அம்மா உடுப்புக் காயப்போடும் கம்பி கிடைத்தது. நீல பிளாஸ்டிக் உறை போட்ட நல்ல கம்பி.

சட்டைக்குள்ளே இரண்டு சுற்று, ஏழு முறுக்கு. கம்பியைக் காணவில்லை என்று அம்மா பக்கத்து வீட்டாரைச் சந்தேகப்பட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை. தவத்தை வெளியில் சொல்லக் கூடாதல்லவா.

பதினேழாம் நாள் வெள்ளவத்தைக்கு டியூஷன் வகுப்புக்குப் புறப்பட்டேன். யுத்த காலம். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஆண்களை இறக்கினார்கள். அதுவரை அடையாள அட்டையை மட்டும் பார்த்து அனுப்பியவர்கள், அன்று உடம்பையும் தடவினார்கள். இளம் சிப்பாய் ஒருவனின் கை என் இடுப்பில் வந்து அப்படியே நின்றது. பிறகு அவன் குண்டு, குண்டு என்று சிங்களத்தில் கத்தியபடி பின்னால் பாய்ந்தான். வரிசை சிதறி ஓடியது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நான் மட்டும் நின்றேன்.

வாகன இரைச்சல் ஓயாத கொழும்பு–காலி வீதியில் நின்றபடி கடல் அலையின் சத்தத்தைக் கேட்டது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். என் சிங்களம் பேக்கரியில் பாண் வாங்கப் போதும். தவ முயற்சியை விளக்கப் போதாது. "வயர், வயர்" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். (அதைவிட நல்ல சொல் அந்த நேரம் அகப்படவில்லை.) எல்லாத் துப்பாக்கிகளும் என் பக்கம் திரும்பின.

அப்போது நடுவயதுச் சார்ஜன்ட் ஒருவர் மற்றவர்களை மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, தனியே என்னை நோக்கி நடந்து வந்தார். உதடுகள் அசைந்தன. கிட்ட வந்ததும்தான் கேட்டது. எங்கள் கோவிலில் சிங்களப் பூசைக்கு முன்னால் சொல்வார்களே, அதே 'அருள் நிறைந்த மரியே' செபம். சாகலாம் என்று தெரிந்தே அந்த மனிதர் வருகிறார். எனக்கு என் பயமே மறந்துபோனது. இப்படி ஒரு நடையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டு விரலால் சட்டையைத் தூக்கினார். நீலக் கம்பி. அதன் நுனியில் அம்மாவின் சிவப்பு உடுப்புக் கிளிப் ஒன்று. பதினேழு நாளும் அதை நான் கழற்றவில்லை. என் கழுத்தில் கிடந்த செபமாலையையும் பார்த்தார். நீர்கொழும்புப் பக்கத்துத் தமிழில் கேட்டார்.

"எதுக்கு இது?"

"தவக்காலம், சேர்."

"கோவில் சுவாமியார்கிட்ட கேட்டுட்டா கட்டின?"

"இல்ல."

"அம்மாக்கிட்ட?"

நான் கிளிப்பைப் பார்த்தேன்.

அவர் பக்கத்தில் கிடந்த மணல் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கம்பியைக் கழற்றி, சுருட்டி, கிளிப்பையும் மாட்டி என்னிடம் தந்தார்.

"கொண்டுபோய் அம்மாக்கிட்ட குடு. நானும் வீட்டுக்குப் போகணும், தம்பி."

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். அரை மணித்தியாலம் எழும்பவில்லை. அம்மா கம்பியைத் திரும்பக் கட்டினார். ஏழு முறுக்கும் நிமிரவில்லை. இன்றும் காயப்போடும் உடுப்பெல்லாம் வழுக்கிப் போய் அந்தப் பள்ளங்களில்தான் குவியும்.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது தவக்காலத்துக்கு இனிப்பை விடுகிறேன், டிவியை விடுகிறேன் என்றால் போதும், "அம்மாக்கிட்ட கேட்டியா?" என்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் செபமாலை முடிந்த பிறகு, பெயர் தெரியாத அந்தச் சார்ஜன்டுக்காக அம்மா ஒரு 'அருள் நிறைந்த மரியே' கூட்டிச் சொல்வார். யுத்தம் முடிந்து எத்தனையோ வருசமாச்சு, இன்னும் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த மனுசன் வீட்ட போய்ச் சேந்தாரோ தெரியாது," என்றார் அம்மா. "கம்பியும் இன்னும் நிமிரேல்ல. இண்டைக்கு அந்தச் செபத்த நீ சொல்லு."

சொன்னேன்.