சம்பந்தி வீட்டு முற்றத்தில் நான் ஆடிய ஆட்டம்

ஜான்சிபார்,
புதன்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மாள், ‘பி’ என்று இந்த ஊர் மரியாதைச் சொல்லைச் சேர்த்தே எழுதுகிறேன், பி மோஸா அவர்களுக்கு, உங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, எனக்குத் தங்க இடம் கொடுத்த ரூகியாவின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அசுமினி கோம்பா ஸலாம் கூறி எழுதுவது. இங்கு நலம் என்று எழுதக் கை கூசுகிறது. அங்கு நலமா என்று கேட்க அதைவிடக் கூசுகிறது. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். உங்கள் முன்னால் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

உங்கள் மகள் ஜெய்தூனியை என் மகன் ரஜபுவுக்குத் தரச் சம்மதித்து, வெள்ளிக்கிழமை நிக்காஹ் என்று நீங்கள் நாள் குறித்த பிறகு, நான் சோங்கேயாவிலிருந்து பேருந்தில் குலுங்கி, கப்பலில் வாந்தியெடுத்து வந்து சேர்ந்ததே உங்களிடம் நல்ல பேர் வாங்கத்தான். நேற்று இரவு உங்கள் வீட்டுத் தாரப் பாட்டுக் கச்சேரிக்குக் கட்டிக்கொள்ள எடுத்த கங்காத் துணியில் என்ன வாசகம் அச்சடித்திருக்கிறது என்று விளக்கடியில் வைத்து நாலு தடவை படித்துப் பார்த்தேன். ‘அன்பான வீட்டில் கஞ்சியும் விருந்து’ என்றுதான் இருந்தது. யார் மனதையும் புண்படுத்தாது என்று நம்பிக் கட்டினேன். துணியில் அவ்வளவு கவனமாக இருந்தவள் காலில் கோட்டை விட்டேன்.

வந்து உட்கார்ந்தபோது ஒழுங்காகத்தான் இருந்தேன். மல்லிகைச் சரமும் ஹல்வாவும் கொடுத்து, முன்வரிசையில் இடமும் போட்டுக் கொடுத்தீர்கள். பிறகு அந்த வயலின்காரர் இழுத்தார் பாருங்கள், என் முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஆயுசு முழுக்க ‘சத்தம் போடாதீங்க, ஆடாம படுங்க’ என்று மற்றவர்களை அதட்டியே ஓய்வு பெற்றவள் நான். அடக்கி வைத்த ஆட்டமெல்லாம் அந்த ராத்திரிதான் வர வேண்டுமா? எழுந்தேன், இடுப்பை ஒடித்தேன், பெண்கள் குலவையிட்டார்கள், குலவை கேட்டதும் தலைக்கு ஏறிவிட்டது, முந்தானையில் முடிந்திருந்த பண நோட்டை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினேன், இன்னொரு சுற்று சுற்றினேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சும்மா ஆடிவிட்டு உட்கார மாட்டோம், யாரை மதிக்கிறோமோ அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டுவோம். அதனால் நேராக உங்கள் முன்னால் வந்து, நோட்டை நீட்டி, தோளைக் குலுக்கி, பல்லையும் காட்டிவிட்டு, பாடுகிற அம்மாள் கையில் அதைத் திணித்தேன். முற்றம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல். ஆஹா, எல்லாருக்கும் என் ஆட்டம் பிடித்துவிட்டது என்று மறுபடி ஆரம்பிக்கப் போனேன். ரூகியா என் கங்காவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“அக்கா, என்ன காரியம் பண்ணீங்க? உங்க ஊர்ல பாட்டு பிடிச்சா எழுந்து ஆடுவீங்க. இங்க பாட்டுல ஒரு வரி பிடிச்சாத்தான் எழுந்திருப்போம். எந்த வரிக்கு நோட்டை நீட்டுறீங்களோ, அது நீங்களே சொன்ன மாதிரி. யாரைப் பார்த்து நீட்டுறீங்களோ, அவங்களுக்கே சொன்ன மாதிரி.”

“நான் என்ன வரிடி சொன்னேன்?”

“‘இரவல் நகையில மினுக்குறவளே, கழுத்தைத் தூக்காதே, கொடுத்தவ பாத்துக்கிட்டிருக்கா.’”

சம்பந்தியம்மா, சத்தியமாகச் சொல்கிறேன். உங்கள் நகை இரவல் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நினைத்திருந்தாலும் சபையில் சொல்ல மாட்டேன், ரூகியாவிடம் மட்டும்தான் சொல்வேன். உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் நாத்தனார் பி கிடாவா பாதிப் பாட்டிலேயே விருட்டென்று எழுந்து போனார்கள். அண்ணி பட்ட அவமானம் அவருக்கே பொறுக்கவில்லை. அப்படிப்பட்ட பாசமுள்ள குடும்பத்தில் நான் போய் நெருப்பு வைத்துவிட்டேனே.

வெளியே ஆண்களோடு காபி குடித்துக்கொண்டிருந்த ரஜபுவுக்கும் செய்தி போய்விட்டது. காலையில் வந்தான். தலையில் கை வைத்துக்கொண்டு, “அம்மா, பொண்ணு கேட்டு முடிக்கிறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. கெடுக்கிறதுக்கு உங்களுக்கு ஒரு பாட்டு போதுமா?” என்றான். விடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வந்து காலில் விழலாம் என்று போனேன். கதவு பூட்டிக் கிடந்தது. மறுபடி போனேன், அப்போதும் பூட்டு. ஆடத் தெரியாதவள்தான் முற்றம் கோணல் என்பாள். எனக்கு ஆடத் தெரிந்ததே கோணலாகிவிட்டது. என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டிவிடாதீர்கள். வேண்டுமானால் நிக்காஹுக்கு நான் வரவில்லை. கப்பலேறிப் போய்விடுகிறேன். இனி ஜென்மத்துக்கும் ஆட மாட்டேன், தெரியாமல் செய்த பிழை, மன்னியுங்கள்.

ஜெய்தூனிக்கு என் முத்தம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஸலாம். பி கிடாவாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். அல்லாஹ் உங்கள் வாசலில் சந்தோஷத்தை நிறைக்கட்டும்.

தலைகுனிந்து,
அசுமினி கோம்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ரூகியா நீங்கள் கொடுத்தனுப்பிய பிரியாணித் தட்டோடு ஓடி வந்தாள். காகிதம் வீணாக வேண்டாம் என்று இதிலேயே எழுதுகிறேன். பி கிடாவா கழுத்தில் கிடந்தது உங்கள் தாய்வீட்டு ஆரம் என்றும், வருஷக்கணக்காகத் திருப்பித் தராமல், கேட்டால் காது கேட்காதவர் மாதிரி இருந்தார் என்றும், ராத்திரியோடு ராத்திரியாகக் கைக்குட்டையில் சுற்றி அனுப்பிவிட்டார் என்றும், தங்கம் அதே தங்கம்தானா என்று உரசிப் பார்க்கத்தான் காலையில் நீங்கள் கடைத்தெருவுக்குப் போயிருந்தீர்கள் என்றும் சொன்னாள். ஆகவே மேலே தெரியாமல் ஆடினேன் என்று எழுதியிருப்பதை அடித்துவிடவும். தெரிந்துதான் ஆடினேன். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நாளை இரவும் கச்சேரி உண்டாமே. வேறு யாரிடமிருந்தாவது ஏதாவது வர வேண்டியிருந்தால், அவர் எந்த வரிசையில் உட்காருவார் என்று மட்டும் சொல்லி அனுப்பவும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன்.